பிளாக்குக்குப் பின்னால் இருக்கும் எழுத்து

(ஓட்டப்பிடாரத்தில் நடந்த கூட்டத்தில் பேசியது)



இவ்வூருக்கு வந்து மேடை ஏறுகின்றவர்கள் எல்லோரும் முதலில் வ. உ. சிதம்பரனாரைப் பற்றியும், அவர் 1906-ல் ஆரம்பித்த கப்பல் கம்பெனியைப் பற்றியும் பேசிவிட்டுத்தான் தங்கள் விஷயத்துக்குப் போவது வழக்கம். அவர் பிறந்த ஊர்க்காரர்களாகிய நீங்கள் அதை நம்மைவிட நன்றாய் அறிவீர்கள். ஆகையால் அதைச் சொல்லி உங்கள் நேரத்தைச் செலவு செய்ய நாம் பிரியப்படவில்லை. நாம் பேச வந்தது மிகவும் சாதாரணமானதும், ஆனால் உங்கள் வீட்டுப் பிள்ளைகளின் பிழைப்பைப் பொறுத்ததுமான ஒரு சங்கதியாகும். அதாவது, பள்ளிக்கூடத்தில் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்து பிள்ளைகள் வண்ண வண்ணக் கட்டைகளை ஒன்றோடொன்று பொருத்தித் திரையில் ஒரு பூனையை நடக்க வைக்கின்றார்களே, அந்தக் கட்டைக்குப் பின்னால் என்ன இருக்கின்றது என்பதைப் பற்றித்தான்.

இதைப் பேச வேண்டிய அவசியம் எப்படி வந்ததென்றால், சில மாதங்களுக்கு முன் உப்பளத்தில் வேலை செய்கின்ற நமது தோழர் ஒருவர் நம்மிடம் வந்தார். அவருடைய மகள் எட்டாவது படிக்கின்றாள். கெட்டிக்காரக் குழந்தை. "கோடிங் கற்றுக் கொடுக்கிறோம்" என்று பலகை மாட்டியிருக்கும் ஒரு பயிற்சிக் கடையில் (பெயர் வேண்டாம், இப்படிப்பட்ட கடைகள் இப்போது ஊருக்கு ஒன்று இருக்கின்றன) பணம் கட்டிச் சேர்த்தார். இரண்டு மாதம் கழித்து, பிளாஸ்டிக் உறை போட்ட ஒரு சர்ட்டிபிகேட் வந்தது. குழந்தை பூனையை நடக்க வைத்தாள், குதிக்க வைத்தாள், "மியாவ்" என்று கத்தவும் வைத்தாள். தகப்பனாருக்குச் சந்தோஷந்தான். ஆனால் அவர் சும்மா இருக்கும் ஆளல்ல. கடைக்காரரிடம் போய், "தம்பி, இந்தக் கட்டைக்குப் பின்னால் எழுத்து இருக்கிறது, அதுதான் வேலை செய்கிறது என்று சொல்கிறார்களே, அதைப் பிள்ளைக்குக் காட்டுவீர்களா?" என்று கேட்டார். அதற்கு வந்த பதில் என்ன தெரியுமா? "அண்ணாச்சி, அதெல்லாம் இப்ப எதுக்கு? அது அடுத்த கோர்ஸ். அதுக்கு இங்கிலீஷ் நல்லா வரணும். நம்ம பிள்ளைகளுக்கு இது போதும்" என்பதே.

தோழர்களே! "நம்ம பிள்ளைகளுக்கு இது போதும்" என்ற வார்த்தை நமக்குப் புதியதா? இந்த நாட்டில் எத்தனையோ தலைமுறைகளாக இந்த வார்த்தையைத்தான் நம் பாட்டன், முப்பாட்டன் காதில் ஓதிக் கொண்டிருந்தார்கள். "நீ பார்க்கலாம், படிக்கக் கூடாது; கும்பிடலாம், கேட்கக் கூடாது" என்றார்கள். அன்றைக்கு அதைச் சொன்னவன் வேறு, இன்றைக்குச் சொல்கின்றவன் வேறு என்றாலும், சொல்லும் காரணம் ஒன்றுதான். பின்னால் இருப்பதை நீ பார்த்துவிட்டால் நடுவில் நிற்கின்றவனுக்கு வேலை இருக்காது.

நடுவில் நிற்பவனின் பங்கைப் பற்றி உங்கள் கடற்கரையிலேயே ஒரு பழைய கணக்கு இருக்கின்றது. வெனிஸ் நகரத்து யாத்திரிகரான மார்க்கோ போலோ 13-வது நூற்றாண்டின் கடைசியில் இந்தப் பக்கத்து முத்துக்குளிப்பைப் பற்றி எழுதி வைத்திருக்கின்றார். எடுத்த முத்தில் பத்தில் ஒரு பங்கு அரசனுக்கு. அது வரி, போகட்டும். இருபதில் ஒரு பங்கு யாருக்கு என்றால், கடலில் இருக்கும் பெரிய மீன்கள் குளியாட்களைக் கடிக்காதபடி மந்திரம் போடுகின்ற பார்ப்பனருக்காம்! அந்த மந்திரம் பகலுக்கு மட்டுந்தான் செல்லும். இரவானதும் அதைத் தாங்களே அவிழ்த்து விடுவார்களாம். இல்லாவிட்டால் திருடர்கள் இரவில் பயமில்லாமல் குளித்து முத்தை எடுத்துவிடுவார்களாம். எவ்வளவு முன்யோசனை பாருங்கள்! தண்ணீரில் மூச்சடக்கி முங்கினவன் ஒருவன். கரையில் உட்கார்ந்து முணுமுணுத்தவன் ஒருவன். 19-வது நூற்றாண்டில் வெள்ளைக்காரர் ஆட்சியில்கூட "கடல்கட்டி" என்ற பெயரில் இந்த உத்தியோகம் நடந்து வந்தது. மந்திரத்தின் வாசகம் என்ன என்று மட்டும் யாருக்கும் தெரியாது. தெரிந்திருந்தால் குளியாளே அதைச் சொல்லிக்கொண்டு குதித்திருப்பான். இருபதில் ஒரு பங்கு அவன் வீட்டுக்குப் போயிருக்கும். தூத்துக்குடியில் கடைசியாக முத்துக்குளிப்பு நடந்தது 1961-ல். சிப்பியும் போயிற்று, கடல்கட்டியும் போனார்.

நிற்க. அந்தப் பயிற்சிக் கடைக்காரரைக் கடல்கட்டி என்று சொல்லிவிட்டுப் போக நாம் வரவில்லை. அவரும் பிழைப்புக்குத்தான் கடை வைத்திருக்கின்றார். ஒருவேளை அவருக்கே பின்னால் இருப்பது தெரியாமலும் இருக்கலாம். நாம் சொல்லுவது என்னவென்றால், கடல்கட்டியின் மந்திரத்துக்கும் இந்தக் கட்டைக்கும் ஒரு பெரிய வித்தியாசம் இருக்கின்றது என்பதே. மந்திரத்தைத் திறந்து பார்த்தால் உள்ளே ஒன்றும் இல்லை. இந்தக் கட்டையைத் திறந்து பார்த்தால் உள்ளே எல்லாம் இருக்கின்றது. அதோடு, இதைச் செய்தவர்கள் அதை மூடியும் வைக்கவில்லை. மூடி வைத்திருக்கின்றது என்று நாமாக நினைத்துக்கொண்டு கையைக் கட்டி நிற்கின்றோம்.

கட்டை என்பதைக் கொஞ்சம் விவரமாய்ச் சொல்லிவிடுகின்றோம். கம்ப்யூட்டருக்கு நாம் கட்டளை இட வேண்டுமானால் அதற்கென்று ஏற்பட்ட ஒரு பாஷையில் எழுத வேண்டும். ஒரு புள்ளி தவறினாலும் அது "புரியவில்லை" என்று நின்றுவிடும். சின்னப் பிள்ளைகளுக்கு இது பெரிய தொல்லை. ஆகவே, ஒவ்வொரு கட்டளையையும் ஒரு கட்டையாகச் செய்து, பொருந்தக் கூடியது மட்டுமே பொருந்தும்படி மேடு பள்ளம் வைத்துக் கொடுத்துவிட்டால், எழுத்துப் பிழை என்ற பேச்சே இல்லை அல்லவா? இந்த யோசனையின்படி அமெரிக்காவில் எம்.ஐ.டி. என்ற கலாசாலையில் மிட்செல் ரெஸ்னிக் என்பவரும் அவர் கூட்டத்தாரும் செய்து 2007-ல் உலகத்துக்கு இலவசமாய்க் கொடுத்ததுதான் ஸ்கிராட்ச். அதற்கு 40 வருஷத்துக்கு முன்பே, 1967-ல், பேப்பர்ட் முதலானவர்கள் பிள்ளைகளுக்கென்று லோகோ என்ற பாஷையைச் செய்து, பின்னால் அதில் ஓர் ஆமையைக் கோடு போட வைத்தார்கள். ஆமைக்கு எழுத்து, பூனைக்குக் கட்டை. கூகுள் கம்பெனியார் 2012-ல் வெளியிட்ட பிளாக்லி என்பதும் இந்தக் கட்டை ஜாதிதான். 2019-ல் வந்த ஸ்கிராட்சின் மூன்றாம் பதிப்பு அந்தப் பிளாக்லியின்மேல்தான் கட்டப்பட்டது.

கட்டையை நாம் குறை சொல்லவில்லை. நடை வண்டியைக் குறை சொல்லுகின்ற தகப்பன் உண்டா? ஆனால் இருபது வயதுப் பையன் நடை வண்டியைப் பிடித்துக்கொண்டு கடைத்தெருவுக்குப் போனால் யார் சும்மா இருப்பார்கள்?

இப்போது பின்னால் போவோம். அந்தத் தோழர் வந்து கேட்டபோது நமக்கும் ஒன்றும் தெரியாது. நாம் பத்தாவது வகுப்பைத் தாண்டாத ஆசாமி. சின்ன வயதில் ஓர் அச்சுக்கூடத்தில் ஈய எழுத்துக் கோர்த்துப் பிழைத்தோம். பிறகு அச்சுக்கூடங்களில் கம்ப்யூட்டர் வந்தபோது, வேலை போகாமல் இருக்க அதைத் தட்டிப் பழகினோம். அவ்வளவுதான் நம் படிப்பு. ஆனால் அச்சுக்கூடத்துக்காரனுக்கு ஒரு குணம் உண்டு. எந்தக் காகிதத்தைப் பார்த்தாலும், இது எப்படிக் கோர்க்கப்பட்டது என்றுதான் முதலில் பார்ப்பான். ஆகவே அந்தக் குழந்தையையே பக்கத்தில் வைத்துக்கொண்டு தேடினோம்.

ஸ்கிராட்சில் செய்த வேலையைச் சேமித்தால் ஒரு கோப்பு கிடைக்கின்றது. அதன் பெயரின் கடைசியில் "எஸ்.பி.3" என்று இருக்கும். அது உண்மையில் ஒரு மூட்டை. ஜிப் என்று சொல்லுகின்றார்களே, அந்த மூட்டைதான் வேறு பெயரில் இருக்கின்றது. பெயரின் வாலை "ஜிப்" என்று மாற்றிவிட்டுத் திறந்தால் மூட்டை அவிழ்ந்துவிடும். உள்ளே பூனையின் படங்கள் தனித் தனியாக, "மியாவ்" சத்தம் தனியாக, ஒவ்வொன்றும் 32 எழுத்துக் கொண்ட ஒரு கிறுக்கல் பெயரோடு கிடக்கும். இவற்றோடு "புராஜெக்ட்" என்ற பெயரில் ஒரே ஒரு எழுத்துக் கோப்பு இருக்கும். அதுதான் சங்கதி. அதை நோட்பேட் என்னும் சாதாரண எழுதும் ஏட்டில் திறக்கலாம். தனி மிஷினும் வேண்டாம். தனிக் கட்டணமும் வேண்டாம்.

திறந்தவுடன் நமக்குத் தலை சுற்றிற்று என்பதை ஒப்புக்கொள்ளுகின்றோம். மூச்சு விடாமல் ஒரே வரியாய் அடைப்புக் குறியும் மேற்கோள் குறியுமாய்ப் போகின்றது. ஆனால் கொஞ்ச நேரம் முறைத்துப் பார்த்ததும் ஒழுங்கு தெரிய ஆரம்பித்தது. ஒவ்வொரு கட்டைக்கும் அதில் ஒரு பதிவு இருக்கின்றது, நம் தாலுகா ஆபீசில் நிலத்துக்குப் பதிவு இருப்பதுபோல. இந்தக் கட்டையின் வேலை என்ன? "மூவ் ஸ்டெப்ஸ்", அதாவது அடி எடுத்து வை. எத்தனை அடி? "10". இதற்கு அடுத்த கட்டை எது? "நெக்ஸ்ட்" என்ற இடத்தில் அதன் பெயர். இதற்கு மேலே இருக்கும் கட்டை எது? "பேரண்ட்" என்ற இடத்தில் அதன் பெயர். அவ்வளவுதான். திரையில் நாம் பார்க்கும் நீலம், மஞ்சள், மேடு, பள்ளம் ஒன்றும் அங்கே இல்லை. அவையெல்லாம் இந்தப் பதிவைப் படித்து ஸ்கிராட்ச் நமக்காகப் போட்டுக் காட்டும் வேஷம்.

இதைக் குழந்தை எப்படி ருசுப்படுத்தினாள் என்றால், கட்டை வரிசை முழுவதையும் பிடித்துத் திரையின் இந்த மூலையிலிருந்து அந்த மூலைக்கு இழுத்து வைத்துச் சேமித்தாள். மறுபடியும் எழுத்தைத் திறந்து பார்த்தோம். உச்சிக் கட்டையின் பதிவில் இடத்தைக் குறிக்கும் இரண்டே எண்கள்தான் மாறியிருந்தன. பூனை செய்கின்ற வேலையில் யாதொரு மாற்றமும் இல்லை. பிறகு எழுத்தில் "10" என்று இருந்த இடத்தில் "100" என்று நாமே திருத்தி, மூட்டையைப் பழையபடி கட்டி, வாலை மாற்றித் திறந்தோம். பூனை ஒரே தாவாய்த் தாவிற்று! கட்டையைத் தொடாமலே பூனை தாவினதைப் பார்த்த அந்தப் பிள்ளையின் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். "மாமா, அப்போ கட்டை சும்மாவா?" என்று கேட்டாள். சும்மா இல்லை அம்மா, கட்டை கைப்பிடி. எழுத்துதான் கத்தி என்று சொன்னோம்.

மூன்றாவது தடவை திருத்தும்போது தெரியாமல் ஒரு காற்புள்ளியை அழித்துவிட்டோம். கோப்பு திறக்கவே மறுத்துவிட்டது. எங்கே தவறு என்று கண்டுபிடிக்க இரண்டு நாள் ஆயிற்று. இந்தத் தொல்லையைத் தவிர்க்கத்தான் கட்டை வந்தது என்பது அப்போதுதான் நமக்கு அனுபவத்தில் விளங்கிற்று. பின்னால் இருப்பதைப் பார்த்தவனுக்குத்தான் முன்னால் இருப்பதன் அருமையும் தெரியும்.

ஆனால் ஒன்று சொல்லிவிட வேண்டும். இந்தப் பதிவு ஸ்கிராட்ச் தனக்காக எழுதி வைத்துக்கொள்ளும் குறிப்பு. மனிதர் உட்கார்ந்து புரோகிராம் எழுதும் பாஷை அல்ல. அந்தப் பாஷையைப் பார்க்க வேண்டுமானால் பிளாக்லிக்குப் போக வேண்டும். அதன் மாதிரிப் பக்கத்தில் இந்தப் பக்கம் கட்டையை வைத்தால், மேலே இருக்கும் பொத்தானை அமுக்கினவுடன் அதே கட்டளை ஜாவாஸ்கிரிப்ட், பைதான், பி.எச்.பி., லுவா, டார்ட் என்ற ஐந்து பாஷைகளில் எழுத்தாய் வந்து நிற்கும். ஒரு கட்டையைப் பிடுங்கினால் அந்த வரி மறையும். திருப்பி வைத்தால் திரும்பி வரும். பிளாக்லி கேம்ஸ் என்னும் விளையாட்டிலோ, பிள்ளை ஒரு கட்டத்தை ஜெயித்ததும், நீ வைத்த கட்டைகளுக்கு ஜாவாஸ்கிரிப்ட் பாஷையில் இத்தனை வரி என்று எழுத்தையே காட்டிவிடுகின்றார்கள். மைக்ரோசாப்ட் கம்பெனியாரின் மேக்கோட் என்பதில் இன்னும் ஒரு படி மேல்: கட்டையிலிருந்து எழுத்துக்கும் போகலாம், எழுத்தில் திருத்திவிட்டுக் கட்டைக்கும் திரும்பலாம். இவையெல்லாம் காசு கொடுக்காமல் பார்க்கக் கூடியவை. நம் கடைக்காரர் "அடுத்த கோர்ஸ்" என்று சொன்னாரே, அது ஒரு பொத்தான் தூரத்தில் இருக்கின்றது!

பத்துத் தடவை ஒரு காரியத்தைச் செய் என்று ஒரு கட்டை உண்டு. வாயைத் திறந்து வைத்த முதலை மாதிரி இருக்கும். அந்த வாய்க்குள் என்ன கட்டைகளை வைக்கின்றோமோ அவை பத்துத் தடவை நடக்கும். அதே சங்கதி பைதானில், "ஃபார் கவுண்ட் இன் ரேஞ்ச் 10" என்று ஒரு வரி, முடிவில் முக்காற்புள்ளி. அடுத்த வரியைக் கொஞ்சம் இடம் விட்டுத் தள்ளி ஆரம்பிக்க வேண்டும். அந்தத் தள்ளின இடந்தான் முதலையின் வாய். இடம் விடாமல் எழுதினால் பைதான் ஏற்காது. "வெறும் இடத்துக்கு இவ்வளவு மரியாதையா?" என்று படித்தவர்கள்கூடச் சிரிக்கின்றார்கள். நமக்குச் சிரிப்பு வரவில்லை. ஈய எழுத்துக் கோர்த்தவனுக்குத் தெரியும், வெற்றிடம் என்று ஒன்று சும்மா வராது. இரண்டு வார்த்தைக்கு நடுவில் வெளுப்பாய்த் தெரியும் இடத்திலும் ஈயத் துண்டு வைக்க வேண்டும். வைக்காவிட்டால் வரியே சரிந்து கொட்டிவிடும். வாசகர் கண்ணுக்கு அது ஒன்றுமில்லை; கோர்ப்பவன் கைக்கு அதுவும் ஓர் எழுத்துத்தான்.

இனி இங்கிலீஷ் பூச்சாண்டிக்கு வருவோம். பின்னால் இருக்கும் எழுத்து இங்கிலீஷில் இருக்கின்றது, ஆகையால் நம் பிள்ளைகளுக்கு ஆகாது என்கின்றார்கள். எவ்வளவு இங்கிலீஷ் என்று இவர்களில் யாராவது எண்ணிப் பார்த்தார்களா? பைதானுக்கே உரிய கட்டளைச் சொற்கள் மொத்தம் 35. தோழர்களே! முப்பத்தைந்தே முப்பத்தைந்து! பஸ், டிக்கெட், கண்டக்டர், ஸ்டாண்டு, ரேஷன், கார்டு, பேங்க், லோன், டியூ, வட்டிக்காரன் எழுதும் நோட்டு என்று இந்தக் கூட்டத்தில் இருக்கும் எழுத்தறியாத பாட்டியம்மாள்கூட முப்பத்தைந்துக்கு மேல் இங்கிலீஷ் வார்த்தைகளை வைத்துக்கொண்டுதான் குடித்தனம் நடத்துகின்றாள். அந்தச் சொற்களைத் தவிர, நாம் வைத்துக்கொள்ளும் பெயர்கள் எல்லாம் நம் இஷ்டம். பைதானின் மூன்றாம் பதிப்பில் அந்தப் பெயர்களைத் தமிழ் எழுத்திலேயே வைக்கலாம். கூலி என்றும், உப்பு என்றும், மூட்டை என்றும் பெயர் வைத்துக் கணக்குப் போட்டால் அது மறுக்காது.

அந்தக் கட்டளைச் சொற்களும் இங்கிலீஷாய்த்தான் இருக்க வேண்டுமென்பது விதியா என்றால், அதுவும் இல்லை. முத்தையா அண்ணாமலை என்ற தமிழர் எழில் என்று ஒரு புரோகிராம் பாஷையைச் செய்திருக்கின்றார். 2009-லேயே அதைப் பற்றிக் கட்டுரை எழுதி வெளியிட்டார். பள்ளிப் பிள்ளைகளுக்காகவே செய்தது. அதன் மூல எழுத்தும் யாரும் பார்க்கலாம், திருத்தலாம், பிறருக்குக் கொடுக்கலாம் என்ற உரிமையோடு வெளிவந்தது. முதலை வாய்க் கட்டையை எழிலில் எழுதினால் இப்படி இருக்கும்:

தடவை = 0
@( தடவை < 10 ) வரை
    பதிப்பி "வணக்கம்"
    தடவை = தடவை + 1
முடி

இதில் உங்களுக்குத் தெரியாத வார்த்தை எது? தடவை தெரியும், வரை தெரியும், பதிப்பி தெரியும், முடி தெரியும். கொஞ்சம் விழிக்க வைப்பது அந்தச் சுழிக்குறி ஒன்றுதான். அது ஈமெயில் விலாசத்தில் வருகின்ற அதே குறி. தடவை பத்துக்குக் குறைவாய் இருக்கும் வரை "வணக்கம்" என்று அச்சிடு, ஒவ்வொரு முறையும் எண்ணிக்கையில் ஒன்றைக் கூட்டிக்கொள், அதோடு முடி என்பதே பொருள். கடைசிக்கு முந்தின வரியை எழுத மறந்தால் என்ன ஆகும் என்று கேட்டோம். அந்தக் குழந்தை கொஞ்சம் யோசித்து, "விடிய விடிய வணக்கம் சொல்லும்" என்றாள். சரியான பதில்! கட்டையில் இருக்கும்போது இந்த எண்ணிக்கை எங்கே நடக்கின்றது என்றே தெரியாது. கட்டை தானாய் எண்ணிக்கொள்ளும். எழுத்தில் பார்த்த பிறகுதான், எண்ணுகின்றவன் ஒருவன் உள்ளே உட்கார்ந்திருக்க வேண்டும் என்ற அறிவு வருகின்றது.

எழிலைப் படித்தால் உத்தியோகம் கிடைக்குமா என்று ஒரு தோழர் கேட்கக் கூடும். கிடைக்காது. பொய் சொல்ல நமக்கு இஷ்டமில்லை. சம்பளம் கொடுக்கும் கம்பெனிகள் பைதானையும் ஜாவாவையும்தான் கேட்கின்றன. ஆனால் பயத்தைப் போக்க இது உதவும். பயம் போன பிள்ளைக்கு 35 சொல் ஒரு பொருட்டல்ல.

பயம் என்று நாம் எதைச் சொல்லுகின்றோம் என்றால், பத்தாவதுக்கும் பதினொன்றாவதுக்கும் நடுவில் இருக்கின்ற ஒரு பள்ளத்தைச் சொல்லுகின்றோம். 2019-ல் வந்த பத்தாம் வகுப்பு அறிவியல் புத்தகத்தில், கடைசி அலகாகிய 23-வது அலகில், காட்சித் தொடர்பு என்ற தலைப்பின் கீழ் ஸ்கிராட்ச் இருக்கின்றது. மேடை, பாத்திரம், கட்டை எல்லாம் அதில் சொல்லப்பட்டிருக்கின்றன. கடைசி அலகுக்குப் பரீட்சை நேரத்தில் என்ன மரியாதை கிடைக்கும் என்பதை உங்கள் பிள்ளைகளைக் கேட்டால் சொல்லுவார்கள். போகட்டும். அதற்கு அடுத்த வருஷம் கணினி அறிவியல் பிரிவு எடுக்கின்ற பிள்ளைக்கு என்ன வருகின்றது? 2018-ல் வந்த பதினொன்றாம் வகுப்புப் புத்தகத்தில் சி பிளஸ் பிளஸ்! நேற்று வரை பூனையை இழுத்து நடக்க வைத்த பிள்ளையின் முன்னால் "ஹாஷ் இன்குளூட் ஐஓஸ்ட்ரீம்" என்று ஒரு வரி வந்து நிற்கின்றது. நடுவில் பாலம் எங்கே? பைதான் வருவதோ பன்னிரண்டாவதில்.

இந்தப் பள்ளத்தை எல்லாப் பிள்ளைகளும் ஒரே மாதிரி தாண்டுவதில்லை. வீட்டில் லாப்டாப் இருக்கின்ற, அண்ணனோ அக்காளோ இன்ஜினீயராய் இருக்கின்ற பிள்ளைக்கு, "இது ஒன்றுமில்லை, நீ வைத்த கட்டைதான் இப்படி எழுதப்பட்டிருக்கிறது" என்று சொல்ல ஆள் இருக்கின்றது. தீப்பெட்டி ஆபீசுக்கும் உப்பளத்துக்கும் மிளகாய்க் காட்டுக்கும் போகின்றவர்கள் வீட்டுப் பிள்ளைக்கு யார் சொல்லுவார்கள்? அது என்ன நினைக்கின்றது? பூனை நமக்கு, எழுத்து அவர்களுக்கு என்று நினைக்கின்றது. நினைத்துவிட்டு அந்தப் பிரிவே வேண்டாம் என்று ஒதுங்குகின்றது. நாளைக்குக் கேட்டால், "அவர்கள் பிள்ளைக்கு இயற்கையிலேயே மூளை, உங்கள் பிள்ளைக்கு வரவில்லை, என்ன செய்வது?" என்று சமாதானமும் சொல்லிவிடுவார்கள். மூளை என்பது என்ன, பிறப்பில் சங்கிலியாய்த் தொங்குகின்ற நகையா? ஒருவனுக்குப் பின்பக்கம் காட்டப்பட்டது, ஒருவனுக்குக் காட்டப்படவில்லை.

கட்டையில் பழகினாலே போதும், எழுத்து தானாய் வந்துவிடும் என்று சொல்லுகின்றவர்களும் இருக்கின்றார்கள். அமெரிக்காவில் சிகாகோ நகரத்துப் பள்ளி ஒன்றில் வைன்ட்ராப், விலென்ஸ்கி என்ற இரண்டு பேர் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். ஒரு வகுப்புக்கு ஐந்து வாரம் கட்டை. இன்னொரு வகுப்புக்கு ஐந்து வாரம் எழுத்து. ஐந்து வார முடிவில் கட்டையில் படித்த பிள்ளைகள்தான் அதிகம் கற்றிருந்தார்கள். பிறகு இரண்டு வகுப்பும் பத்து வாரம் ஜாவா என்னும் எழுத்துப் பாஷைக்குப் போயின. பத்து வார முடிவில் இரண்டுக்கும் வித்தியாசம் இல்லை. இதிலிருந்து நாம் கொள்ளும் அபிப்பிராயம் என்னவென்றால், கட்டையால் கெடுதி இல்லை. ஆனால் கட்டையில் சேர்த்த முதல், எழுத்துக்குத் தானாய் வந்து சேர்ந்துவிடுவதும் இல்லை. யாராவது கையைப் பிடித்து இதுவும் அதுவும் ஒன்று என்று காட்ட வேண்டும்.

இன்னொரு கேள்வியும் உண்டு. மெத்தப் படித்த ஒருவர் நம்மைக் கேட்டார்: "கட்டைக்குப் பின்னால் எழுத்து என்கிறீர், அந்த எழுத்துக்குப் பின்னால்?" என்று. மடக்கிவிட்டதாய் அவருக்கு எண்ணம். ஸ்கிராட்சின் கட்டைகளை ஓட்டுவது ஜாவாஸ்கிரிப்ட் எழுத்து. அதுவும் யார் வேண்டுமானாலும் படிக்கும்படி வெளியிடப்பட்டிருக்கின்றது. அந்த எழுத்தை ஓட்டுகின்ற பிரௌசருக்குப் பின்னால், அந்தச் சி பிளஸ் பிளஸ்தான் பெரும்பாலும். அதற்குப் பின்னால் 0, 1 என்ற இரண்டே எண்கள். அதற்கும் பின்னால் மின்சாரம் இருக்கின்றது, இல்லை என்ற இரண்டே நிலை. அதற்குப் பின்னால் தூத்துக்குடி அனல் மின் நிலையம் என்று வைத்துக்கொள்ளுங்களேன்! ஒவ்வொரு படியிலும் ஒரு மனிதன் எழுதினது, ஒரு மனிதன் செய்தது இருக்கின்றதே ஒழிய, எந்தப் படியிலும் "இதற்கு மேல் கேட்காதே" என்ற பலகை இல்லை. எல்லோரும் கடைசிப் படி வரைக்கும் போக வேண்டும் என்று நாம் சொல்லவில்லை. போக முடியும் என்று தெரிந்து ஒரு படியிலே நிற்பது வேறு, போகக் கூடாது என்று நம்பி நிற்பது வேறு.

பழைய ஸ்கிராட்சில், அதாவது 1.4 பதிப்பில், ஒரு வேடிக்கை இருந்தது. அது ஸ்மால்டாக் என்னும் பாஷையில் செய்யப்பட்டது. திரையில் ஸ்கிராட்ச் என்று பெயர் எழுதியிருக்கும் இடத்தில், "ஆர்" எழுத்தின் வளையத்துக்குள் ஷிப்ட் விசையை அமுக்கிக்கொண்டு தட்டினால், உள்ளே போவதற்கு ஒரு கதவு திறக்கும். செய்தவர்களே வைத்த கதவு! உலகத்தில் எத்தனையோ பிள்ளைகள் அந்த வளையத்தைத் தட்டி உள்ளே போய்க் கெடுத்தும் திருத்தியும் பழகினார்கள். நம் ஊர்க் கோவிலில் சிலைக்குப் பின்னால் இருக்கும் கதவை இப்படித் தட்டினால் என்ன நடக்கும் என்பதை உங்கள் யோசனைக்கே விட்டுவிடுகின்றோம்.

ஆகவே உங்களை நாம் கேட்டுக்கொள்ளுவது அதிகமில்லை. உங்கள் பிள்ளை படிக்கின்ற அரசு உயர்நிலைப் பள்ளியிலோ மேல்நிலைப் பள்ளியிலோ கம்ப்யூட்டர் கூடம் இருக்கின்றது. பெற்றோர் கூட்டத்துக்குக் கூப்பிடுகின்றார்கள். அங்கே போய் உட்கார்ந்து டீ குடித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டு வராமல், "வாத்தியார் ஐயா, பிள்ளைகள் கட்டை வைக்கிறார்களே, அதன் எழுத்தை அவர்களுக்கு ஒரு தடவை காட்டினீர்களா?" என்று ஒரு கேள்வி கேளுங்கள். வாத்தியார்மேல் கோபப்பட வேண்டாம். அவருக்குப் பாடம் முடிக்க வேண்டிய அவசரமும், ஆயிரம் பாரம் எழுதுகின்ற வேலையும் இருக்கின்றன. ஆனால் நாலு பேர் கேட்டால், அடுத்த வாரம் அந்தப் பொத்தானை அவர் ஒரு தடவையாவது அமுக்குவார். பணம் வாங்குகின்ற கடைக்காரரிடம் இன்னும் கொஞ்சம் உரக்கக் கேளுங்கள். அது உங்கள் பணம். மூடின சிப்பியைக் குவியல் குவியலாய் ஏலம் எடுத்து, உள்ளே முத்து உண்டா இல்லையா என்று தெரியாமலே பணத்தைக் கொட்டின வியாபாரிகள் இந்தக் கடற்கரையில் இருந்தார்கள். அவர்களுக்காவது சிப்பியைத் திறக்காமல் பார்க்க வழியில்லை. பிளாஸ்டிக் உறை போட்ட சர்ட்டிபிகேட்டை வாங்கும் உங்களுக்கு அந்தக் கஷ்டம் ஏன்?

அந்த உப்பளத் தோழரின் மகள் இதோ மேடைக்குக் கீழே உட்கார்ந்திருக்கின்றாள். கூட்டம் முடிந்ததும் அந்த மேஜைமேல் இருக்கும் லாப்டாப்பில் மூட்டையை அவிழ்த்துக் காட்டுவாள். பத்தை நூறாக்குவதையும், எழிலில் வணக்கம் அச்சிடுவதையும் அவளே செய்து காட்டுவாள். நாம் பக்கத்தில் நிற்போமே தவிரக் கை வைக்க மாட்டோம். பள்ளிப் பிள்ளைகள் முன்னால் வரட்டும், பெரியவர்கள் பின்னால் நில்லுங்கள். பெண் பிள்ளைகளுக்கு முதல் இடம் கொடுங்கள்; வழக்கமாய் அவர்களைத்தான் பின்னால் தள்ளுவீர்கள். ஆளுக்கு ஒரு தடவை எழுத்தைத் திருத்திப் பார்க்கலாம். திருத்துவதற்கு முன் கோப்பை ஒரு நகல் எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும் என்பதை மறக்க வேண்டாம். அந்தக் காற்புள்ளிக்காக நாம் இரண்டு நாள் பட்ட பாடு போதும்.